மதகடியில் நின்ற உள்ளான்கள்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி விடுமுறையில், பறவை பார்ப்பதற்கென்றே முதன்முறையாகக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் சென்றேன். அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதையில் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி நேரம் நின்றேன். சேற்றில் தாவும் மீன்களையும் நண்டுகளையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்து மெலாவத்தி குன்றிலோ நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குரங்குகளுக்குக் கச்சான் கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் இனத்துக்கு இயற்கையைப் பார்க்கும் கண்ணே கிடையாதோ? எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? பால்நிற நாரையை எங்கே காணலாம்?

— ச.

அன்புள்ள ச.,

தொலைநோக்கிக்கு ஒரே வரி: 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை உள்ள ஒன்று போதும். அதைவிடப் பெரியதைக் கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள், கை நடுங்கும். பால்நிற நாரைக்குப் பேராக் மாநிலத்துக் கோல கூலாவுக்குப் போங்கள். அங்கே 1980களில் நூற்றுக்கு மேல் இருந்தவை குறைந்துகொண்டே வந்ததால், வளர்ப்பில் பிறந்தவற்றைக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். குரங்குக்குக் கச்சான் கொடுப்பது தவறுதான். அவை இலை தின்னும் சாதி. ஆனால் அன்று அங்கே வந்திருந்தவர்களில் நம்மவர் மட்டும்தானா உங்கள் கண்ணில் பட்டார்கள்?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சேற்றில் மீன் தாவியது, நண்டு ஊர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கடல் வற்றியிருந்த நேரம் அது. கடல் வற்றினால் கரையோரப் பறவைகள் காட்டுக்குள் என்ன செய்யும்? எல்லாம் வெளியே, கடல் விட்டுப்போன சேற்றுவெளியில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். நீர் ஏறி அந்தச் சேறு மூடிய பிறகுதான் குளத்துக்கும் கரைக்கும் வந்து ஒதுங்கும். நம் பக்கத்தில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. காப்பார் மின்நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் குளங்களில்கூட வலசைப் பறவைகள் கூட்டமாக வந்து நிற்கின்றன என்றால், அந்தச் சாம்பல் மீது கொண்ட ஆசையாலா? ஏற்ற நேரத்தில் கால் நனையாமல் நிற்க ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் விடுமுறைப் பட்டியலைப் பார்த்துப் போனீர்கள். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்கவில்லை.

இதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் பறவை நூலும் அல்ல. என் அப்பா, ஜெராம் பக்கத்துக் கடலோரத் தோட்டமொன்றில் மதகு பார்த்தவர். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அலையாத்திச் சேறு. கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, நீரை வடித்துத்தான் அதைத் தோட்டமாக்கினார்கள். வடிந்த களிமண் காயக் காயத் தாழ்ந்துபோகும். ஆகவே கடல் ஏறும்போது மதகை அடைத்து, வற்றும்போது திறந்துவிடாவிட்டால் மரத்தின் வேர் உப்பில் வெந்துவிடும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரம் விடியற்காலையில், மறு வாரம் நடுச்சாமத்தில் என்று அவருடைய உறக்கத்தைக் கடலே பங்கிட்டது. பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்குக்கு, போகாத ஒரே ஆள் என்று தோட்டத்து லயத்தில் பொறாமையும் உண்டு.

பள்ளி இல்லாத நாள்களில் அவரோடு போவேன். மதகின் இரும்புச் சக்கரத்தில் கருப்பு மசகு அப்பியிருக்கும். அதைத் தொட்ட கையால் என் சட்டையைப் பிடித்துக் குந்த வைப்பார். கரையின் கடல் பக்கம், காற்றுக்கு எதிராக அலகைத் திருப்பிக்கொண்டு, ஒற்றைக்காலில் நூறு இருநூறு பறவைகள் நிற்கும். சிவப்புக் கால், நீள மூக்கு. நீங்கள் பட்டியலில் பவளக்காலி என்று குறிப்பீர்கள். அப்பாவுக்கு அவை உள்ளான்கள். தஞ்சாவூர் வயலிலிருந்து என் தாத்தா கப்பலில் கொண்டுவந்த சொல் அது. மலாய் மீனவர்களோடு பேசும்போது அதையே ‘கெடிடி’ என்பார். அந்தக் கூட்டத்தில் முதலில் ஒன்று மடக்கிய காலை ஊன்றும். பிறகு இரண்டு மூன்று. திடீரென்று அத்தனையும் ஒரே விசிலாக எழுந்து கடல் பக்கம் போய்விடும். எனக்குத் தண்ணீர் துளிகூட இறங்கியதாகத் தெரியாது. அப்பா எழுந்து சக்கரத்தைச் சுற்றத் தொடங்குவார். “அங்க சேறு தெரிஞ்சிருச்சுடா, அதுங்களுக்குத் தெரியும்.”

இப்போது சொல்லுங்கள், கண்ணே கிடையாதோ என்று எழுதியபோது உங்கள் கை கூசவில்லையா? கழுத்தில் தொலைநோக்கி தொங்கினால்தான் அது பார்வையா? கூலிக்குப் பார்த்தவன் பார்த்தது பார்வை இல்லையா? உங்கள் ஊருக்கு அருகிலேயே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் 1917இல் எழுந்த இடம் அது. அங்கிருந்து கடற்கரை வரை எத்தனையோ வாய்க்கால்கள் நம்மவர் மண்வெட்டியால் வெட்டியவை. எந்த வாய்க்காலில் எந்த மாதம் என்ன வந்து இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்கவில்லை என்பதற்காக, தெரியாது என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடுவீர்களா?

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பறவைகளின் நிலத்தை வடித்ததும் அதே மதகுதான். லாபம் துரைக்குப் போனது உண்மை, ஆனால் சக்கரத்தைச் சுற்றியது என் அப்பாவின் கை. ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அவரை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். 1987இல் மலேசிய இயற்கைக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து அமைத்தது அது. அங்குள்ள குளமும் செயற்கைதான். பறவைகளுக்குச் சேறு தெரியும்படி மதகு வைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள் என்று சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதுக்கும் ஆள் வச்சிருக்கானா?” என்று மட்டும் கேட்டார். அது வருத்தமா, ஆறுதலா, வேலை கேட்கும் ஆசையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வலசைக் காலம். பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஓத அட்டவணையில் உச்ச ஏற்றத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள். உங்கள் மாணவர்களில் யாருடைய தாத்தாவாவது வாய்க்கால் வேலை பார்த்தவராக இருந்தால், அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே போய் நிற்காதீர்கள், குந்தி உட்காருங்கள். வானத்தை மறைத்து ஓர் ஆள் நின்றால் அவை இறங்கவே மாட்டா.