தசைச் சிதைவும் சொந்தத் திருமணமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஓடும்போது அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கைகளை ஊன்றித்தான் எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்த்த மருத்துவர் டூஷென் தசைச் சிதைவாக இருக்கலாம் என்று கூறி, மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அத்தை மகனை மணந்தவள். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்த வினை என்று உறவினர்கள் பேசுகிறார்கள். என் தங்கைக்குத் தாய்மாமனைப் பேசியிருந்த சம்பந்தமும் இதனால் நின்றுபோயிருக்கிறது. அவர்கள் சொல்வது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நோய் டூஷென்தான் என்று உறுதியானால், உறவினர்கள் சொல்வது தவறு. தசை நார்கள் சுருங்கி விரியும்போது கிழிந்துவிடாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவில் நேரும் பிழையே இந்த நோய். ஆண் குழந்தைக்குத் தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோமும் தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோமும் வருவதால், தங்கள் கணவர் அத்தை மகனா அயலாரா என்பது இந்த நோயில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்குவதில்லை. (அப்படியானால் தாயின் குற்றம் என்று பேச்சு உடனே திரும்பும் என்பதை அறிவேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களுக்கு இந்தப் பிழை தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. மற்றத் தாய்மார்களும் அதைத் தாம் அறியாமலே சுமந்தவர்கள்.)

ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில தசைச் சிதைவுகளும் இதே தோற்றத்தோடு வருவதுண்டு. அவற்றுள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதி வந்தால் மட்டுமே உண்டாகும் என்பதால், அங்கே சொந்தத் திருமணம் மெய்யாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. ஆகவே மகனின் பரிசோதனை முடிவு கைக்கு வருமுன் தங்கையின் சம்பந்தத்தை முறிப்பதும் அவசரப்படுவதே, முடிப்பதும் அவசரப்படுவதே.

டூஷெனுக்குக் காரணமான டிஸ்ட்ரோபின் மரபணுவை 1986, 1987ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் நகரில் லூயி கங்கெல் குழுவினர் கண்டறிந்தனர். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட இந்தப் பெரிய மரபணுவில், புரதத்துக்கான செய்தி எக்ஸான் எனப்படும் 79 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நோயுற்ற சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் ஒன்றோ பலவோ எக்ஸான்கள் அறவே இல்லாமல் போயிருக்கும், எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை அதைக் காட்டிவிடும். அதில் ஒன்றும் தென்படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். செல் இந்த எழுத்துகளை மும்மூன்றாகவே படிப்பதால், எஞ்சிய துண்டுகள் முறை பிசகாமல் சேர்ந்தால் குட்டையான புரதமாவது உருவாகி நோய் மிதமாக இருக்கும். பிசகினால் புரதமே உருவாவதில்லை. பிசகும் இடத்திலுள்ள ஓர் எக்ஸானைத் தாண்டிப் படிக்கச் செய்யும் மருந்துகள் அமெரிக்காவில் 2016 முதல் ஒப்புதல் பெற்று வருகின்றன. ஒவ்வொன்றும் சிறு பங்கினருக்கே பொருந்தும். பயனும் இதுவரை சொற்பமே.

மரபணுவையே உடலுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு அங்கே 2023இல் ஒப்புதல் கிடைத்தது. அதைச் சுமந்து செல்லும் வைரஸ் ஏறத்தாழ 5,000 எழுத்துகளுக்கு மேல் தாங்காது என்பதால், 11,000 எழுத்துகளுக்கு மேற்பட்ட செய்தியை வெட்டிச் சுருக்கியே அனுப்புகிறார்கள். நடக்க இயலாத நிலையில் அதைப் பெற்ற இளைஞர்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து 2025இல் இறந்த செய்தியும் உண்டு. செய்தித்தாள் தலைப்பை நம்பி வயலை விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டீராய்டு மருந்து, முறையான இயன்முறைப் பயிற்சி, இதயத்தையும் மூச்சையும் குறித்த காலத்தில் சோதித்தல் ஆகியவையே இன்று சிறுவர்களின் நடையையும் ஆயுளையும் நீட்டுபவை. கல்லீரலுக்கான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் உயர்ந்திருப்பதைக் கண்டும் கலங்க வேண்டாம். அவை நலிந்த தசையிலிருந்தும் கசிபவை.

மகனிடம் பிழை எங்கே என்று தெரிந்தபின், அதே பிழை தங்களிடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தங்கையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவரும் அதைச் சுமப்பவரானால், யாரை மணந்தாலும், பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு உண்டு. தங்கள் இரத்தத்தில் பிழை இல்லாவிட்டாலும், கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் அது இருக்கக்கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் 11ஆம் வாரத்தை ஒட்டிக் கருவைச் சோதிப்பது நல்லது.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறேன். முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பங்கேற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, அது வெற்று மாத்திரையைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை. குருத்தெலும்பை அரிக்கும் நொதிகள் எவை என்று தெரிந்திருந்தும், தேய்ந்ததை மீட்டுத் தரும் மருந்து எதுவும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை. சம்மணமிட்டே நாள் முழுதும் இராமல் இடையிடையே நாற்காலிக்கு மாறுவதும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் மாத்திரையைவிடப் பயன் தரும். விரல் கணுக்களும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் சரவாங்கி என்ற மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. தாமதித்தால் மூட்டு கோணிவிடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.