இரண்டு அலமாரி நிறைய வெட்டுத்துணி. டெல்டா புழுக்கத்துக்குத் தாங்கும் ஒட்டுப்போர்வை தைக்க என்ன செய்யலாம்? இனியும் துணி வாங்கலாமா?

கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம் இது: வீடு கும்பகோணம் பக்கம், கால் மிஷின் இருக்கிறது. தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணி, தையல்கடையில் கிலோ கணக்கில் வாங்கிய வெட்டுத்துணி, பழைய புடவை எல்லாம் சேர்ந்து அலமாரி வழிகிறது. பேட்ச்வொர்க்கில் ஒரு தலையணை உறை முடிந்தது. அடுத்து ஒற்றைக் கட்டிலுக்குப் போர்வை தைக்க ஆசை.

வாங்கலாம். அதற்கு முன் இருப்பதை மீட்டராகப் பார்க்காமல் சதுரமாக எண்ணிப் பாருங்கள். வெட்டுகிற அளவு 5 இஞ்ச் என்று ஒன்றையே வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். நாலு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் போனால் தைத்தபின் 4½ இஞ்ச் நிற்கும். தலையணை உறைக்கு 4×4 என்று 16 சதுரம், அளவு 18 இஞ்ச். குழந்தையைக் கிடத்தும் விரிப்புக்கு 8×10, அதாவது 80 சதுரத்தில் 36×45 இஞ்ச். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 14×20, அதாவது 280 சதுரத்தில் 63×90 இஞ்ச்.

44 இஞ்ச் அகலத் துணி, துவைத்துச் சுருங்கியபின், மீட்டருக்கு 8×7 என்று 56 சதுரம் தரும். ஆக போர்வையின் மூன்று அடுக்கில், சதுரங்களை இணைத்த மேல்பக்கம் முழுவதற்கும் 5 மீட்டர்தான். நடு அடுக்கும் அடித்துணியும் தனி. 80 செ.மீ. ரவிக்கைத் துணி 36 இஞ்ச் அகலமாக இருந்தால் சுருங்கியபின் 6×6, 36 சதுரம். எட்டு ரவிக்கைத் துணியில் ஒரு போர்வையின் மேல்பக்கம் முடிந்துவிடுகிறது. இரண்டு அலமாரியில் எத்தனை போர்வை தூங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். பெரும்பாலும் குறைவது பூப்போடாத ஒரே நிறத் துணிதான். அடுத்து வாங்குவது அதுவாக இருக்கட்டும். மேட்சிங் சென்டரில் டூ பை டூ ரூபியா என்னும் ரவிக்கைத் துணி வேண்டிய நிறத்திலெல்லாம் இருக்கும், பருத்தியா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

தாம்பூலத் துணியில் பாதி பாலியஸ்டர் கலந்தது. ஓரத்திலிருந்து நாலு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. முதல் துவைப்பிலேயே பாலியஸ்டர் சதுரங்கள் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். பருத்திக்கு வைக்கிற சூட்டில் அது இஸ்திரிப் பெட்டியிலும் ஒட்டும். பாலியஸ்டரைத் தனி மூட்டையாகக் கட்டுங்கள், பைக்கும் மிதியடிக்கும் ஆகும்.

பழைய புடவையை வெட்டுமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பிறகு இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினாலோ ‘சர்’ரென்று சத்தம் வந்தாலோ அந்தப் பகுதி வேண்டாம். உட்காருமிடமும் கீழ்க்கரையும் முதலில் நையும். 

எந்தத் துணியானாலும் அலமாரிக்குள் போகுமுன் ஒருமுறை துவைத்திருக்க வேண்டும். கைத்தறியில் கஞ்சி இருக்கும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும், ஐப்பசி மழையில் பூஞ்சையும் பிடிக்கும். சாயத்தைச் சோதிக்க, நனைத்த துணியை வெள்ளை வேட்டித் துண்டின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். அரக்கு, கருநீலம், அடர் பச்சை மூன்றும் அதிகம் ஏமாற்றும். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை அது பிடித்துவைக்காது. வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசி அந்த உபரியை வெளியேற்றுவதுதான் வழி. நாலு தடவைக்குப் பிறகும் சிவப்பு இறங்கினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. துவைத்த துணியின் ஒரு மூலையைச் சின்னதாகக் கத்தரித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ‘இது துவைத்ததா?’ என்று யோசிக்க வேண்டியிருக்காது.

வெட்டுவதற்கு அட்டை அச்சு வேண்டாம். சாக்பீஸ் உரசி உரசி ஓரம் தேயும், முப்பதாவது சதுரம் முதல் சதுரத்தைவிடச் சிறுத்திருக்கும். போர்டு எழுதும் கடையில் அக்ரிலிக் பலகையை சரியாக 5 இஞ்சுக்கு அறுத்து வாங்கி, அடியில் நாலு மூலையிலும் உப்புத்தாள் துண்டு ஒட்டிவிடுங்கள், வழுக்காது. அவசரத்துக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமும் ஆகும். சதுரத்தின் இரண்டு பக்கம் பாவோடும் (நீள இழை) இரண்டு பக்கம் ஊடையோடும் (குறுக்கு இழை) போக வேண்டும். கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டினால் இழுபட்டு நீளும், தைத்தபின் சதுரம் சாய்சதுரமாகிவிடும். புடவைக் கரையை நீக்கிவிட்டு வெட்டுங்கள். நெசவு அங்கே நெருக்கம், சுருங்குகிற அளவு வேறு.

அதிகம் தவறு நடப்பது கால் இஞ்ச் தையலில்தான். ரவிக்கை தைப்பவர்களுக்கு அரை இஞ்ச் கை பழகியிருக்கும். இங்கே தையல் வெறும் 1/16 இஞ்ச் உள்ளே தள்ளிப் போனால் ஒரு இணைப்பில் இரண்டு பக்கமுமாக 1/8 இஞ்ச் குறைகிறது. ஒரு வரிசையில் 13 இணைப்பு, மொத்தம் 1⅝ இஞ்ச் காணாமல் போகும். எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி குறைந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று குறைந்து ஒன்று குறையாதபோதுதான் வரிசைகள் ஒன்றோடொன்று சேராமல் இழுக்கும்.

முதலில் ஒரு சோதனை: 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி வரிசையாக இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் ஓரத்தில் போகிறது. சரியான இடம் கிடைத்ததும் மிஷின் தகட்டில் நாலு அடுக்கு செல்லோ டேப் ஒட்டிச் சுவர் போல் வைத்துக்கொள்ளுங்கள், துணி அதை உரசிக்கொண்டே போகட்டும். ஊசி 14 நம்பர், இஞ்சுக்கு 10 முதல் 12 தையல். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியை விடுங்கள். தோரணம் மாதிரி வரும், கடைசியில் கத்தரித்துக்கொள்ளலாம்.

இஸ்திரியில் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். முதல் வரிசையின் தையல் விளிம்புகள் எல்லாம் இடப்பக்கம், அடுத்த வரிசை எல்லாம் வலப்பக்கம் சாயட்டும். இரண்டு வரிசையை இணைக்கும்போது விளிம்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மேடு தெரியாமல் பொருந்துவது புரியும். நாலு மூலை ஒரு புள்ளியில் சேர்வது இதனால்தான், கண் அளவால் அது வராது.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் இழை குட்டை, வழவழப்பு, ஒன்றையொன்று பற்றாது. தலையணைக்கு அது அருமை. போர்வையில் இரண்டே துவைப்பில் மூலைக்கு மூலை உருண்டைகளாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சோபாக் கடைகளில் விற்கும் பாலியஸ்டர் ஷீட் துவைக்கச் சுலபம், ஆனால் நம்மூர்ப் புழுக்கத்தில் மார்கழியைத் தவிர எப்போதும் உதைத்துத் தள்ளத் தோன்றும். இந்தப் பக்கத்துக்குச் சரியானது நைந்து மெத்தென்றான எட்டு முழ வேட்டி. சுமார் 3.6 மீட்டர் நீளம், 50 இஞ்ச் அகலம் இருக்கும். கரையை வெட்டாமல் நீளத்தில் பாதியாக்கி, நீளக் கரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக லேசாக ஏற்றிக் கையால் ஓட்டிவிட்டால் ஏறக்குறைய 71×99 இஞ்ச் கிடைக்கும். 63×90 போர்வைக்குச் சுற்றிலும் 4 இஞ்ச் கூடுதல் விட்ட அளவு இது. குளிர் தாங்காதவருக்கு இரண்டு வேட்டி வையுங்கள்.

அடித்துணிக்கும் கணக்கு அழகாக அமையும். 5½ மீட்டர் பருத்திப் புடவையை இரண்டாக வெட்டி, கரை நீக்கி, நீளப் பக்கங்களை இணைத்தால் போதுமானது. புதிதாக வாங்கினால் 44 இஞ்ச் அகலத்தில் 5¼ மீட்டர்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு மொசைக் தரையோ ரெட் ஆக்சைடு தரையோ வசதி. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கமில்லாமல் ஓரங்களை டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டிவிட்டால், டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியைச் சுருக்கிவிடும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் தைத்த மேல்பக்கம். நடுவிலிருந்து வெளியே, 4 இஞ்சுக்கு ஒரு வரியாகக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். ஊக்கு குத்துவது வேகம்தான். ஆனால் வேலை மழைக்காலத்தில் இரண்டு வாரம் கிடந்தால் ஊக்கு துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது.

மூன்று அடுக்கையும் மிஷினில் தைப்பதானால் 16 நம்பர் ஊசிக்கு மாறி, இஞ்சுக்கு 8 தையலாக வைத்து, அழுத்தும் கம்பியின் தலையிலுள்ள திருகை ஓரிரு சுற்று தளர்த்துங்கள். அழுத்தம் அதிகமானால் மிஷினின் பல் அடித்துணியை இழுக்கும், துணியை அழுத்தும் காலடி மேல்துணியைத் தள்ளும், வரியின் முடிவில் மடிப்பு குவியும். சதுர இணைப்பிலிருந்து கால் இஞ்ச் தள்ளி நேர்க்கோடாகப் போவது பாதுகாப்பு. மூலைவிட்டமாக மிஷின் ஓட்டினால் துணி கிராஸில் இழுபடும். கையால் தைப்பவர்கள் மூலைவிட்டத்தில் போகலாம். சதுரத்தின் மூலைக்கு மூலை கண்ணே கோடு போட்டுவிடும், சாக்பீஸ் தேவையில்லை. வரிகளுக்கு நடுவே சுமார் 3¼ இஞ்ச் இருக்கும், வேட்டி அடுக்கு நகராது. முடிச்சை வெளியே விடாமல் மெல்ல இழுத்து உள்ளடுக்குக்குள் மறைத்துவிடுங்கள். பேனாவால் அடையாளம் வேண்டாம், மை கறையாக நின்றுவிடலாம்.

ஓரப்பட்டைக்கு 2½ இஞ்ச் பட்டை எட்டு, மொத்தம் 60 செ.மீ. துணி. நேரான ஓரத்துக்கு கிராஸ் வெட்டத் தேவையில்லை. நீளவாக்கில் இரட்டையாக மடித்து முன்பக்கம் மிஷினில், பின்பக்கம் கையால் ஹெம்மிங். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்த்து மடித்து, திரும்பக் கீழே இறக்கினால் மூலை கூராக வரும்.

பட்டு வெட்டுத்துணி பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனால் பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனம் பக்கத்திலேயே இருக்கும்போது அலமாரியில் கட்டாயம் இருக்கும். அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள். துவைக்க முடியாது, ஜரிகை ஊசி முனையை மழுக்கும். கோணல்மாணலான பட்டுத் துண்டுக்குச் சரியான இடம் சுவர்த் தொங்கல். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேருக்குக் கட்டும் துணித் தொங்கல்களான தொம்பைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அங்கே துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைப்பதில்லை. ஒரு துணியின்மேல் வெட்டிய உருவத்தை வைத்து ஓரத்தைத் தைக்கிறார்கள். சதுரம் தேறாத துண்டுகளை அப்படித்தான் தீர்க்க வேண்டும். பட்டுக்கு அடியில் பேப்பர் கேன்வாஸ் ஒட்டிவிட்டு வெட்டினால் இழை பிரியாது.

மிச்சத்தை அன்றே 5, 3½, 2½ இஞ்ச் என்று மூன்று அளவாக வெட்டித் தனித்தனி டப்பாவில் போடுங்கள். 2 இஞ்சுக்குக் கீழே உள்ளது மிதியடிக்குள் திணிக்கத்தான். வெட்டாத துணியை நிறவாரியாக அடுக்குவது பார்க்க அழகு. தைக்க உதவுவது கனவாரியாக அடுக்குவது, ஏனென்றால் மெல்லிய வாயில் (voile) துணியும் தடித்த கைத்தறியும் ஒரே வரிசையில் வந்தால் மெல்லியது கிழியும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடித்தட்டில் துணி வேண்டாம், ஈரமும் கரையானும் அங்கிருந்துதான் ஏறும். பிளாஸ்டிக் கவருக்குப் பதில் பழைய வேட்டியில் சுற்றுங்கள், கவருக்குள் அடைபட்ட ஈரம் வெளியே போகாது. வசம்போ உலர்ந்த வேப்பிலையோ முடிச்சாகப் போடலாம், வாசனை போனதும் மாற்ற வேண்டும். பாச்சை உருண்டையானால் துணிப்பையில் கட்டி, துணியில் படாமல், ஜரிகையிலிருந்து விலக்கி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடாவிட்டால் மடிப்புக் கோட்டிலேயே நிறம் வெளிறும்.

தைத்து முடித்த போர்வையை ஐப்பசி, கார்த்திகையில் துவைக்காதீர்கள். மூன்று அடுக்கு காய இரண்டு நாளாகும், அதற்குள் புளித்த வாடை வந்துவிடும். தை பிறந்தபின், காலையிலேயே அலசி, கொடியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிடாமல் இரண்டு கயிற்றில் பரத்தி, மேல்பக்கம் வெயில் படாதபடி திருப்பிப் போட்டு உலர்த்துங்கள்.