துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகனைப் பார்க்கத் துபாய் போகிறேன். திருவனந்தபுரத்தில் காலை 4.30க்குக் கிளம்பி 7.10க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் அதிகாலை 3.25. ஒரே தூரம், போக இரண்டே முக்கால் மணி, வர ஐந்தரை மணியா? வீட்டிலிருந்து எப்போது கிளம்பவேண்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரம். டிக்கெட்டில் அப்படித்தான் போடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. போகும்போது 2 மணி 40 நிமிடத்தோடு அந்த ஒன்றரையைக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். வரும்போது 5 மணி 25 நிமிடத்தில் கழியுங்கள்: 3 மணி 55 நிமிடம்.

தூரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே வான்வழியில் சுமார் 2,950 கி.மீ. விமானம் உயரே போய் நிலைகொண்டபின் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 3 மணி 28 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, கீழே இறங்க என்று 40 நிமிடம் சேருங்கள். கணக்கு ஏறக்குறைய வந்துவிட்டதா?

போவதற்கும் வருவதற்கும் நடுவே மிச்சமுள்ள கால் மணி வித்தியாசம் பெரும்பாலும் காற்றால் வருவது. துபாய்ப் பக்கத்து வானில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், குளிர்காலத்தில் முக்கியமாக, மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெடும்பயணத்தில் இந்தக் காற்று தூரத்தையே தோற்கடித்துவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே அட்லாண்டிக் வழியை விட்டு, காற்றோடு கிழக்கே பசிபிக் வழியில் அனுப்பியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆனது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது!

உங்களை ஏமாற்றப்போவது வானம் அல்ல, ரோடுதான். பாளையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 150 கி.மீ.தான் என்றாலும் நான்கு மணி நேரம் வையுங்கள். காவல்கிணறு வரை பறக்கும் கார், தக்கலை, குழித்துறை தாண்டுவதற்குள் நத்தையாகிவிடும். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னதாக, 1.30க்கு அங்கே இருக்கவேண்டும். வழியில் தாமதத்துக்கு ஒரு மணி. ஆகவே முந்தின இரவு 8.30க்குக் கிளம்புங்கள். கவுன்டரைப் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

திரும்பி வரும்போது 3.25 என்பது மறுநாள் தேதி. கார்க்காரரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைவிட மோசமான குழப்பம் நள்ளிரவு தாண்டிய டிக்கெட்டில் வரும். '10ஆம் தேதி 00.40' என்றிருந்தால் 9ஆம் தேதி மாலை 4.40க்கே பெட்டி காரில் ஏறியாகவேண்டும். 10ஆம் தேதி ராத்திரி போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்.