வருஷத்துக்கு 22 கல்யாணம் போதுமா என்று கேட்டவருக்கு

தம்பி, வருஷத்துக்கு 22 கல்யாணத்துக்குத்தான் போட்டோ எடுக்கிறேன், கூடவே தொழில் தொடங்கிய நண்பர் 60 எடுக்கிறார், நான் தோற்றுவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 60-ஐ காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. மீதி மாதங்களில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று குழு அனுப்பினால்தான் அந்த எண்ணிக்கை வரும், அப்படியென்றால் அவருக்குக் கேமராவைத் தொடுவதைவிட ஆள் பிடிப்பதிலும் ஆல்பத்தைத் துரத்துவதிலும்தான் அதிக நேரம் போகும். தப்பில்லை, ஆனால் அது வேறு வேலை.

நானும் 2018-ல் நான்கு குழு வைத்திருந்தேன். ஒரு வீட்டில் தாலி கட்டும் படம் மங்கலாக வந்துவிட்டது. பெண்ணின் அப்பா திட்டக்கூட இல்லை, பேசாமல் ஆல்பத்தை மூடி வைத்தார். அந்த முகம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அடுத்த வருஷமே குறைத்துக்கொண்டேன்.

இப்போது நான் பார்ப்பது இதுதான்: லென்ஸ் தவணை, எடிட்டர் சம்பளம், ஆல்பம் அச்சு, அடுத்த கேமராவுக்கு ஒதுக்கியது எல்லாம் போகக் கையில் என்ன நிற்கிறது, மூன்று மாதத்துக்குள் ஆல்பம் கொடுத்தேனா, அக்கா கல்யாணம் எடுத்த வீட்டில் தங்கை கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்களா. கடைசியானதுதான் எனக்குப் பெரிது.

குழந்தை சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி மாதம் முழுக்க கவலையில்லாமல் வீட்டில் இருக்க முடிகிறதா என்பதே உங்கள் கணக்காக இருக்கலாம்.

அப்புறம், அந்த 22-ல் செலவு போக எவ்வளவு நின்றது என்று எழுதுங்கள், விலையை ஏற்றலாமா என்று பார்ப்போம்.