கிளைடரில் போன் பாதியில் அணைந்தால்

வணக்கம் நண்பரே. மும்பையிலிருந்து புனேயின் ஹடப்சர் போய் கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டும்போது, எக்ஸ்சிசோர் என்ற வழிகாட்டி ஆப் ஓடும் போன் பவர் பேங்க் செருகியிருந்தும் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். புது பவர் பேங்க் வாங்கும் முன் சூட்டைக் கவனியுங்கள். காக்பிட்டின் கண்ணாடி மூடிக்குள் வெயிலில் போன் கொதித்துப்போகும். ஓரளவுக்கு மேல் சூடானால் அது தானாகவே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். உறையைக் கழற்றி, காற்று வரும் துவாரத்துக்கு நேராக மாட்டுங்கள். பவர் பேங்க் நிழலில், பட்டையால் கட்டி இருக்கட்டும். நழுவிப்போய் ரடர் பெடலுக்கு (வால் சுக்கானை இயக்கும் கால்மிதி) அடியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், விமானத்தின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்வி. எடுக்கலாம். திரை முழு வெளிச்சத்தில் போனுக்கு 5 வாட் என்று வைத்தால், 12 வோல்ட்டை யுஎஸ்பிக்கு ஏற்றபடி குறைக்கும் மாற்றியின் இழப்பும் சேர்த்து அரை ஆம்பியருக்குள்தான். 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பாரமில்லை. ஆனால் ரேடியோவுக்குத்தான் முதல் உரிமை. மலிவான யுஎஸ்பி மாற்றிகள் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். மும்பை லாமிங்டன் ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினாலும் சரி, தரையிலேயே ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (பேச்சு வராதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து, மாற்றியைப் போட்டும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் கட்டாயம். இந்த இணைப்பை நீங்களாகச் செய்யாதீர்கள், கிளைடிங் மையத்தின் பொறியாளர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

போன் என்ன மாடல்?