120 ஹெர்ட்ஸ் திரையை 60க்குக் குறைத்தால் பேட்டரி மாலை வரை தாங்குமா?

மிச்சமாகும். எவ்வளவு மிச்சமாகும் என்பது ஃபோனில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், எங்கே நின்று செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவதை 60க்கு மாற்றினால் மாலை வரை சார்ஜ் நிற்குமா, அதற்காக 120இன் வழுவழுப்பை விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் இதே கேள்வியோடுதான் என் தம்பி என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

அவன் பினாங்கில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். காலையில் பசியாறிவிட்டு ஆயர் ஈத்தாமில் கிளம்பினால் ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன், சில நாள் தஞ்சோங் தோக்கோங் வரை ஓடுவான். ஃபோன் ஹேண்டிலில் மாட்டியிருக்கும், நாள் முழுக்க வெயில். ஒருநாள் நாலரை மணிக்கு, கையில் ஆர்டர் இருக்கும்போதே ஃபோன் அணைந்துவிட்டது. கொடுக்க வேண்டிய வீட்டு எண் அதற்குள்ளே. மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கேட்டுச் சார்ஜ் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், சோறு ஆறிப்போயிருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் அம்மா ஆறு மணி வரை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

அன்று ராத்திரி அவன் சொன்னது இதுதான்: “ஒரு வீடியோல பாத்து 60க்கு மாத்தி ரெண்டு வாரமாச்சுக்கா. ஒண்ணும் பெருசா தெரியலையே.”

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தப் பாகம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளப்பது என் அன்றாட வேலை. அதனால் அவன் சொன்னதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ஃபோன் திரை மின்சாரம் தின்பது இரண்டு வழியில். ஒன்று வெளிச்சம், மற்றொன்று வரைதல். 60 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 60 முறை புதிதாக எழுதப்படுகிறது, ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லிநொடி. 120 என்றால் 8.3 மில்லிநொடிதான். அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடுத்த படம் தயாராக வேண்டும் என்பதால் சிப்பும் வேகத்தைக் கூட்டுகிறது, வேகம் கூடினால் மின்னழுத்தமும் ஏறுகிறது. திரையின் ஒவ்வொரு வரிசைக்கும் மின்னூட்டத்தை மறுபடி மறுபடி எழுதும் வேலையும் இரட்டிப்பாகிறது. 60க்கு இறக்கினால் குறைவது இந்த வரைதல் செலவுதான். வெளிச்சத்தின் செலவு அப்படியே இருக்கும். எத்தனை முறை எழுதினாலும், கண்ணுக்கு அதே அளவு வெளிச்சம் வர வேண்டுமென்றால் அதற்கான மின்சாரம் ஏறக்குறைய அதேதான்.

இதைச் சும்மா சொல்லாமல் செய்து பார்த்தோம். தம்பிக்கு ஓய்வுள்ள இரண்டு நாளில், அவனுடைய மூன்று வருடப் பழைய ஃபோனிலேயே. வீட்டுக்குள் வெளிச்சத்தைப் பாதியில் நிறுத்தி, வைஃபையில் ஒரு மணி நேரம் செய்திப் பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். 120இல் 13 சதவீதம் போனது, 60இல் 10. அடுத்து ஒரு மணி நேரம் வீடியோ: இரண்டிலும் 8. படம் நொடிக்கு 24 அல்லது 30 முறைதான் மாறுகிறது, 120 அங்கே என்ன செய்யப்போகிறது? பிறகு மத்தியான வெயிலில் மாடியில் வைத்து, வெளிச்சம் முழுதாக, வரைபடம் ஓடவிட்டோம். 120இல் 25, 60இல் 24. இது ஒரே ஒரு ஃபோனில் வந்த கணக்கு, உங்களுடையதில் எண்கள் மாறும். ஆனால் வெயிலில் அவனுடைய பேட்டரியைத் தின்றது வெளிச்சம்தான் என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது. இரண்டு வாரமாக அவன் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கறுப்புத் தோற்றம், அதாவது டார்க் மோட், பற்றியும் கேட்பீர்கள். ஓலெட் என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை; அதில் கறுப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது கறுப்புக்கு மாறினால் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம் என்றும், முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம் என்றும் கண்டார்கள். தம்பிக்கு இதுவல்லவா மருந்து என்று நினைத்தேன். அவன் கறுப்பு வரைபடத்தோடு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வெயில்ல ஒரு ரோடும் கண்ணுக்குத் தெரியலக்கா, ஆபத்து” என்று மாற்றிவிட்டான். அவன் சொன்னது சரி. மிச்சம் மிக அதிகமாகக் கிடைக்கும் இடத்தில்தான் படிப்பதும் மிகக் கடினம். ஆர்டருக்காகக் காத்திருக்கும் பக்கத்துக்கு மட்டும் கறுப்பை வைத்துக்கொண்டான்.

கடைசியில் அவனுக்குக் கைகொடுத்தது வேறு. பிறந்து வளர்ந்த ஊரில் ஜாலான் ஆயர் ஈத்தாமுக்கு வழிகாட்டி எதற்கு? கிளம்பும் முன் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடுகிறான். கடைசித் திருப்பம், தெரியாத தாமான் (குடியிருப்புப் பகுதி), அடுக்குமாடியின் புளோக் எண், இதற்கு மட்டும் ஓரமாக நிறுத்தித் திறக்கிறான். ஹேண்டிலில் மாட்டுகிற பிடிக்கு ஒரு நிழல் தகடு வாங்கினான். வெயில் நேராக விழாததால் தானியங்கி வெளிச்சம் உச்சத்துக்கு ஏறுவது குறைந்தது, சூடும் குறைந்தது. சூட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஃபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மத்தியானம் நிழலிலேயே அதை நெருங்கும். வெயிலில் வைத்துக்கொண்டே சார்ஜும் போட்டால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும். தம்பியின் பேட்டரி ஏற்கனவே அப்படித்தான் இளைத்துப் போயிருந்தது, ஜார்ஜ்டவுனில் உள்ள கொம்தார் கட்டடத்துக் கடையில் புது பேட்டரி மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றம் தந்த பலனுக்கு 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில்கூட வராது. மூன்று வருடம் தாண்டிய ஃபோன் என்றால் முதலில் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் ஃபோன். எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பதில் அதில்தான் இருக்கிறது. சாதாரணத் திரையின் புள்ளி ஓட்டைக்குடம் மாதிரி. ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் படம் அசையாமல் நின்றாலும் அடிக்கடி நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் திரை மினுக்கும். எல்டிபிஓ என்ற வகைத் திரையில் கசிவு மிகக் குறைவு. ஒருமுறை நிரப்பினால் ஒரு நொடிகூடத் தாங்கும். ஐஃபோன் 13 ப்ரோ 2021இல் 10 முதல் 120 வரை தானாக ஏறி இறங்கியது, அடுத்த வருடம் 14 ப்ரோ 1 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. 2022இன் கேலக்ஸி எஸ்22 அல்ட்ராவும் 1 வரை இறங்கும். அதே குடும்பத்தில் எஸ்22, எஸ்22 பிளஸ் இரண்டும் 48க்குக் கீழே போகாது. ஆகவே ‘அடாப்டிவ்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், எதுவரை இறங்கும் என்று பாருங்கள். 1 வரை இறங்கும் ஃபோன் என்றால் கை வைக்காமல் விட்டுவிடலாம், படிக்கும்போது அது உங்களைவிடச் சிக்கனமாக இருக்கும். நடுத்தர விலை ஃபோனில் 120இலேயே நிற்கிற திரை என்றால், நாள் முழுக்கப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் என்றால், குறைப்பது வீண் போகாது. 90 இருந்தால் அதையும் முயன்று பாருங்கள்.

மாற்றும் இடம்: சாம்சங்கில் டிஸ்பிளேவுக்குள் ‘மோஷன் ஸ்மூத்னஸ்’, அதில் ‘ஸ்டாண்டர்ட்’. சியோமியில் ‘ரிஃப்ரெஷ் ரேட்’ என்றே இருக்கும். பிக்சலில் ‘ஸ்மூத் டிஸ்பிளே’யை அணைக்க வேண்டும். ஐஃபோன் ப்ரோவில் ‘ஆக்சஸிபிலிட்டி’, அதற்குள் ‘மோஷன்’, அதில் ‘லிமிட் ஃப்ரேம் ரேட்’. என் அம்மாவைப் போல ஃபோனை மலாயில் வைத்திருப்பவர்கள் ‘தெத்தாப்பான்’, பிறகு ‘பப்பாரான்’ என்று தேடுங்கள். ஐஃபோன் ப்ரோவில் லோ பவர் மோட் போட்டாலே வேகம் 60க்கு இறங்கிவிடும், சாம்சங்கின் பவர் சேவிங்கும் அப்படித்தான். தனியாக அமைப்பைத் தோண்ட வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியுமா என்றால், தெரியும். முதல் இரண்டு நாள் எழுத்துகள் தள்ளும்போது இழுபடுகிற மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் எனக்கு அது மறந்தே போனது. தம்பிக்கு மறக்கவில்லை. பகலில் 60இல் ஓட்டுகிறான், ராத்திரி சாப்பிட்டுவிட்டு கேம் ஆட உட்காரும்போது 120க்கு மாற்றிக்கொள்கிறான். அப்போது சார்ஜர் பக்கத்திலேயே இருக்கிறது, நானும் ஒன்றும் சொல்வதில்லை. மாலையில் அவன் வீடு திரும்பும்போது ஃபோனில் இப்போது இருபது சதவீதத்துக்குக் குறையாமல் மிச்சம் இருக்கிறது, ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டால் எடுக்கிறான்.

உங்கள் ஃபோன் மாடலையும், பகலில் வெளியில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதையும் எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.