ஆய்வு மையங்களால் யாழ்ப்பாணத்துக்கு என்ன பயன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் யாழ் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, இங்குள்ள ஒரு கொள்கை ஆய்வு மையத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். சொந்தக்காரர் எல்லாரும் “என்ஜிஓ வேலைதானே, புரொஜெக்ட் முடிஞ்சா வீட்டை வரவேண்டியதுதான்” என்கிறார்கள். என் சந்தேகம் வேறு. இந்த மையங்கள் வெளிநாட்டுக் காசில் அறிக்கை எழுதுகின்றன, கொழும்பில் ஹோட்டல் மண்டபத்தில் வெளியிடுகின்றன. அதனால் இங்கே ஒரு கிணறாவது சுத்தமானதா? ஒருவரின் கடனாவது குறைந்ததா? டொரன்டோவில் இருக்கும் தம்பி, இப்படியான மையத்துக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிணறு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து கொஞ்சத் தூரத்தில், சுன்னாகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்று சனங்கள் முறையிட்டார்கள். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றுவது கீழே இறங்கிவிடும். வட மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கவலைப்படும்படியான எண்ணெய் மாசு இல்லை என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணற்று நீரை எடுத்துச் செய்த பரிசோதனைகள் வேறு கதை சொல்லின. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்காமல், மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆக, ஒரே தண்ணீருக்கு இரண்டு ஆய்வு. இரண்டையும் செய்தவர்கள் படித்தவர்கள்தான். இடையில் வருடக்கணக்காகத் தவித்தது கிணற்றுக்குச் சொந்தக்காரர்கள். அந்தக் காலத்தில், எந்தத் தரப்புக்கும் கடமைப்படாத ஒரு மையம் யாழ்ப்பாணத்தில் இருந்து, வருடா வருடம் குறிப்பிட்ட கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவை அந்தந்த வீட்டுக்காரரிடமே கொடுத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! எனக்கு ஆய்வு மையம் என்றால் முதலில் இந்த வேலைதான் நினைவுக்கு வருகிறது. அறிக்கை வெளியீடெல்லாம் அதற்குப் பிறகு.

எண்ணப்படாமல் போனதால் நாங்கள் இழந்தது கொஞ்சமல்ல. 1981-க்குப் பிறகு வடக்கு முழுவதிலும் ஒழுங்கான குடிசன மதிப்பீடு நடந்தது 2012-இல்தான். 31 வருடம். நடுவில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள், எத்தனை பேர் கப்பலும் விமானமும் ஏறினார்கள் என்பதற்கெல்லாம் ஊகம்தான் இருந்தது. 1981-இல் கிளிநொச்சியும் சேர்ந்திருந்த யாழ் மாவட்டத்தில் 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2012-இல், கிளிநொச்சி பிரிந்த பிறகு, 5 லட்சத்து 83 ஆயிரம்.

வறுமைக் கணக்கும் இப்படித்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2009/10 வீட்டு வருமான செலவு அளவீட்டில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று மாவட்டங்களும் இல்லை. போர் முடிந்த கையோடு, யாருடைய நிலைமையை முதலில் அறிய வேண்டுமோ அவர்கள் கணக்கில் வரவில்லை. 2012/13-இல் அவர்களையும் சேர்த்து எடுத்தபோது நாட்டின் வறுமை வீதம் 6.7, முல்லைத்தீவில் 28.8. இந்த எண் வெளியே வந்த பிறகுதான் முல்லைத்தீவு என்று சொன்னால் கொழும்பில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடனைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நுண்கடன், அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கும் சின்னச் சின்னக் கடன், வடக்கில் பெண்களை எப்படிப் பிழிந்தது என்று நான் விவரிக்கத் தேவையில்லை. தெருவில் இறங்கிப் போராடியவர்கள் கடன்பட்ட பெண்கள், அந்தப் பெருமை அவர்களுக்குரியது. ஆனால் வட்டி எந்த அளவுக்குப் போகிறது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் எழுதி முன்வைத்தபோது அதைத் தட்டிக்கழிப்பது கடினமானது. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, 1 லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வந்தது. 35 வீதமே கொடுமைதான், அது வேறு விஷயம்.

இனி உங்கள் மகளின் வேலைக்கு வருகிறேன். வடமராட்சி கிழக்கில் ஒரு வீட்டு அளவீட்டுக்குப் போன பிள்ளைகளோடு ஒருமுறை நானும் போயிருந்தேன். கருவாடு காயப்போட்டிருந்த முற்றத்தில் பாயை விரித்து எங்களை இருக்கச் சொன்னார் அந்த அம்மா. வினாக்கொத்தின் முதல் பக்கத்திலேயே “குடும்பத் தலைவர் யார்?” என்றிருந்தது. அதற்குக் கீழே திருமண நிலை: மணமாகாதவர், மணமானவர், விதவை, பிரிந்தவர். நான்கு பெட்டி, ஒன்றில் சரி போட வேண்டும்.

“அவரை ஆமியிட்டைக் கையளிச்சனாங்கள் பிள்ளை. இருக்கிறார் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டு சொல்லவும் எனக்கு வாய் வராது. எதிலை போடப் போறியள்?”

கேள்வி கேட்ட பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த அம்மாவோடு வேறு கதை கதைத்தாள். பிறகு ஓரத்தில் கையால் எழுதினாள்: கணவர் காணாமலாக்கப்பட்டவர். அன்று பின்னேரம் மேற்பார்வையாளரோடு வாதாடி, ஐந்தாவது பெட்டி ஒன்றைச் சேர்க்க வைத்தாள். இறந்ததாகப் பதியாமலே ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ பெறுவதற்கு 2016-இல் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வினாக்கொத்துக்குள் அந்த நிலைமை வருவதற்கு ஊர்ப் பிள்ளை ஒருத்தி வாதாட வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்த அம்மா ‘விதவை’ என்று கணினிக்குள் போயிருப்பார். அப்புறம் எந்தப் பேராசிரியர் வந்து அட்டவணை போட்டாலும் அவர் விதவைதான்.

வருமானக் கேள்வியும் லேசில்லை. “மாதம் எவ்வளவு?” என்று கேட்டால் அவருக்குப் பதில் கிடையாது. கடல் கலங்கினால் ஒன்றுமில்லை, பருவத்தில் கொஞ்சம் வரும், சீட்டு எடுத்த மாதம் கையில் காசு, கிழமைக் கடன்காரன் வந்தால் அதுவும் இல்லை. கடந்த கிழமை என்ன வித்தீர்கள், யாருக்கு வித்தீர்கள், எவ்வளவு கடனுக்கு விட்டீர்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டால்தான் கணக்கு வரும். அதற்குப் பொறுமை வேண்டும், மொழி வேண்டும், அந்தத் தொழிலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் செய்யப்போவது இதைத்தான். சொந்தக்காரரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

இப்போது காசு. உங்கள் சந்தேகம் நியாயமானது, நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமல்ல. வெளிநாட்டு அரசுகள் வாஷிங்டன் ஆய்வு மையங்களுக்குக் காசு கொடுத்து என்னென்ன எதிர்பார்த்தன என்பதை 2014-இல் நியூயோர்க் டைம்ஸ் விரிவாக எழுதியது, அதில் நோர்வேயின் பெயரும் இருந்தது. இங்கே பெரும்பாலும் நடப்பது இது: நிதி கொடுப்பவர் ஒரு தலைப்போடு வருகிறார், மையம் விண்ணப்பிக்கிறது, குறித்த மாதத்துக்குள் அறிக்கையைக் கொடுக்கிறது. அடுத்த வருடம் தலைப்பு மாறிவிடும். நல்லிணக்கம் போய் காலநிலை மாற்றம் வரும். கிணற்றை வருடா வருடம் சோதிக்க இந்த முறையில் வழியில்லை. பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவர்களுக்குக் கையில் காசில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

கொழும்பில் மார்க நிறுவகம் என்ற ஆய்வு மையம் 1972-இலேயே தொடங்கியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1996-இல் வந்தது. 1988-இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான கொள்கை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு ஆரம்பத்தில் நெதர்லாந்தின் உதவி கிடைத்தது, பிறகு சொந்தமாக ஒரு நிதியமும் உண்டானது. யாழ்ப்பாணத்தில் அடையாளம் கொள்கை ஆய்வு மையம் 2016-இல் தொடங்கி, அடுத்த வருடமே முல்லைத்தீவின் இராணுவமயமாக்கல் பற்றி எழுதியது. அதற்கு முன்பே பருத்தித்துறையில் ஓர் அபிவிருத்தி ஆய்வு நிறுவனம் இயங்கி வந்திருக்கிறது. சின்ன மையங்கள்தான். ஆனால் கோயில் கோபுரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் காசில் ஒரு துளி இவற்றுக்கு வந்தால்கூட நிலைமை மாறும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

இன்னொரு தடை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் வைக்கவில்லை. எவ்வளவு நல்ல அறிக்கை எழுதினாலும் அதை மேசையில் வைத்து விவாதிக்க இங்கே தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரிடம் கொடுக்கலாம், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொடுக்கலாம். அதனால்தான் ஆய்வு முடிவு தமிழில், இரண்டு பக்கத்தில், கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் அந்த இரண்டு பக்கம் இருந்தால் சங்கத்துத் தலைவரே பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போட்டு மிச்சத்தைக் கேட்பார்.

தம்பிக்கு இப்படி எழுதுங்கள். காசு கொடுக்கலாம். கொடுக்கமுன் கணக்காய்வு அறிக்கையையும், யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விபரத்தையும் கேட்டு வாங்கட்டும். தர மறுக்கிற மையத்துக்கு ஒரு சதமும் வேண்டாம். கொடுத்தால் ஒரு தலைப்புக்கென்று கட்டிக் கொடுக்காமல், மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு ஆய்வு உதவியாளரின் சம்பளமாகக் கொடுக்கட்டும். அது உங்கள் மகள் வேலை செய்யும் மையமாக இருக்க வேண்டாம். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் போகட்டும்.

அன்புடன்